விளிம்பில் இருந்த தங்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். சுரங்கத்துப் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. தவறு இருக்கும் இடத்தில் சரியான எழுத்தைப் போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும். யாருடைய பெயரையும் எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. படித்தால் தெரியும்.

தங்கச் சுரங்க ஊரில், கோரமண்டல் பக்கம், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில் தனியாக இருக்கிறேன். காலை ரயிலில் பெங்களூரு போய் ஒரு பெரிய ஆபீசில், அங்கே இருப்பவர்கள் காப்பி குடித்துவிட்டு வைக்கும் கப்புகளைக் கழுவித் துடைத்து அடுக்குகிறேன். நாள் முழுவதும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலையில் நிலைத்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே எனக்குக் காது சூடாகிவிடும். கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா முன்பே போய்விட்டார். அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது. அம்மா போன பிறகு, வேலைக்குப் புறப்படும்போது ரேடியோவை மெதுவாகப் பாடவிட்டுப் பூட்டுவேன். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்கட்டும் என்று. கரண்ட் போன நாட்களில் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துரைசானி ஊரைவிட்டுப் போகும்போது அம்மாவின் கல்யாணத்துக்கு என்று ஒரு டீ செட்டைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். ஆறு கப்பு, ஆறு சாசர், ஒரு கெட்டில். பீங்கான் என்றாலும் நம் கடைகளில் கிடைக்கும் பீங்கான் இல்லை. முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. வெளிப்பக்கம் ஒரு ஏரி, கரையில் இரண்டு மரம், தண்ணீரில் ஒரு படகு, படகில் தொப்பி போட்ட ஒரு ஆள். சின்ன வயதில் அது பேத்தமங்கலம் ஏரி என்று நினைத்திருந்தேன். எங்களுக்குக் குடிதண்ணீர் அங்கேயிருந்துதான் வந்தது, வேறு ஏரி நான் பார்த்ததில்லை. அம்மா அந்த செட்டைப் பழைய புடவைகளில் சுற்றி ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். விருந்தாளி வந்தாலும் எடுக்க மாட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது, எடுத்துத் துடைத்து மறுபடி சுற்றி வைப்பாள். அப்போது நாங்கள் எட்ட நின்று பார்ப்பதோடு சரி, விளிம்பெல்லாம் கண்ணில் படாது.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் அக்கா அந்தப் பெட்டியைத் திறந்தாள். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அதே சுரங்க ஊரில் பாலகாட் பக்கம் குடித்தனம். மாமாவும் அக்கா மகளும் கூட இருந்தார்கள். அக்கா ஒரு கப்பைப் பிரித்து எடுத்தாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததையும் பிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தங்கம் எங்கடா?"

"இன்னா தங்கம்க்கா?"

"கப்பு வாயைச் சுத்தி தங்கம் இருந்துச்சிடா. சாசர்லயும் இருந்துச்சி. சின்னதுல நான் பாத்திருக்கேன், பளபளன்னு இருக்கும். இப்ப மொட்டையா கீது?"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் பாத்ததே இல்ல."

"நீ பாக்கல. பொட்டி உன் கட்டிலுக்குக் கீழ. சாவி உன் அர்ணாக்கயித்துல. தங்கம் மட்டும் தானா ரயிலேறி பெங்களூர் பூட்ச்சா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் மட்டும் மலை மலையாக நிற்கிறது. சைனைட் மேடு என்போம். அந்த மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளிவந்து சலித்து, ஒரு துளி மின்னுமா என்று பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் அக்காவுக்கு அப்படித் தோன்றியதில் அதிசயமில்லை.

"சைனைட் மேட்டையே சலிக்கிற ஊருடா இது. கப்ப சும்மா வுடுவியா நீ?" என்றாள். "இன்னாடா வாயத் தொறக்க மாட்ற? வாய்லயே அடக்கி வெச்சினு கீறியா?"

மாமா சிரித்துவிட்டார். வந்திருந்த உறவுக்காரர்களும் சிரித்தார்கள். அழுத வீட்டில் சிரிக்க ஏதாவது கிடைத்தால் ஆட்கள் விடமாட்டார்கள். நான் பேசவில்லை. பேசாமல் இருந்ததே எனக்கு எதிராகப் போய்விட்டது. அக்கா செட்டை அப்படியே பெட்டியில் போட்டு, "மொட்டக் கப்ப நீயே வெச்சி டீ குடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு பாலகாட் போனேன். புடவை, வெல்லம், அரிசி, மஞ்சள் கொத்து. அம்மா இல்லையென்றால் அக்காவுக்குத் தாய்வீடு நான்தானே. அக்கா வெளியே வரவில்லை. மாமா வந்து, "அவளுக்கு மனசு சரியில்லப்பா" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த பொங்கலுக்கும் அப்படியே. இரண்டு வருஷமும் பொங்கல் வெல்லத்தை நான் ஒருவனே தின்று தீர்த்தேன்.

பிறகு அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. ரயிலில் வருகிறவர்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. எங்கள் சின்னம்மா மகன் தாய்மாமனாக நின்று பட்டம் கட்டப் போகிறான் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தினார்கள். வலியில் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. எனக்கு இந்த உலகத்தில் தாய்மாமன் என்ற ஒரு பதவிதான் இருந்தது. அதுவும் போகப் போகிறது என்று தெரிந்ததும்தான் எனக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது.

அக்காவிடம் போய்ப் பேச வேண்டும். ஆனால் என்ன பேசுவது? அந்த செட்டு என்ன, எந்த ஊரில் செய்தது, அதில் தங்கம் இருந்ததா இல்லையா, எதுவுமே எனக்குத் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்ள நினைத்தேன்.

இரண்டு கப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து ரயிலேறினேன். பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எதிர்சீட்டுக்காரர் கேட்டார்.

"இன்னாண்ணா, பச்சக் கொழந்த மாதிரி புட்சினு வர்ற? உள்ள இன்னா, முட்டையா?"

"கப்பு."

"கப்பா? எந்த மேட்ச்ல ஜெயிச்ச? சொல்லவே இல்ல!"

ரயில் பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பங்காருப்பேட்டை தாண்டும்வரை காது ஆறவில்லை.

சிவாஜி நகர் பக்கம் ஒரு சந்தில் பழைய சாமான் கடை ஒன்று உண்டு. கடிகாரம், விளக்கு, கிராமபோன், பீங்கான் எல்லாம் வாசல்வரை குவிந்திருக்கும். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தவன், கடையைத் தாண்டிப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடைசியில் உள்ளே இருந்த கடைக்கார அம்மாவே கூப்பிட்டார். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"ஏம்ப்பா, உள்ள வர்றதுன்னா வா. இல்லன்னா வெயில மறைக்காத. விக்கவா, வாங்கவா?"

"ரெண்டும் இல்லீங்கம்மா. இது இன்னான்னு தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சிக்க மட்டும் ஒருத்தன் வந்திருக்கான், பாரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டைப் பிரித்தார். கப்பைக் கையில் வாங்கினார். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவர் விரல்களின் நிழல் கப்பு வழியாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் அது என் வீட்டில் இருந்தும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை.

"யாருது?"

"எங்க அம்மாது."

"உங்க அம்மா நல்லா வெச்சிருந்தாங்க."

அடியைத் திருப்பிக் காட்டினார். பச்சை நிறத்தில் ஒரு முத்திரையும் அதன் கீழே இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்தன. எனக்கு இங்கிலீஷ் கூட்டிப் படிக்கத்தான் வரும். அவரே படித்துச் சொன்னார்.

"நிப்பான். ஜப்பான்காரங்க அவங்க ஊருக்குச் சொல்ற பேரு. பழைய காலத்துல வெளியூருக்கு அனுப்பினதுல இப்படிப் போடுவாங்க. பின்னால வந்ததுலல்லாம் ஜப்பான்னே போட்டுட்டாங்க. ஆனா முத்திரைய மட்டும் நம்பக் கூடாது. இந்த முத்திரைய இப்பவும் போலியா போட்டு விக்கிறானுங்க. அதனால படத்தப் பாக்கணும்."

ஒரு லென்ஸை என் கையில் கொடுத்தார். முதலில் தன் கடையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அதன் பூவைப் பார்க்கச் சொன்னார். பூ முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது. அது அச்சு என்றார். பிறகு என் கப்பைப் பார்க்கச் சொன்னார். புள்ளியே இல்லை. வண்ணம் ஒரு பக்கம் திக்காக ஆரம்பித்து, இழுத்துக்கொண்டு போய், மெலிந்து முடிந்தது. பிரஷ் போன வழி அப்படியே தெரிந்தது. மரத்தின் இலைகள்மேல் விரலை வைத்தால் மேடு தட்டியது.

"ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரே படம் என்று நான் நினைத்திருந்தது ஒரே படம் இல்லை. ஒன்றில் படகு கரைக்குக் கொஞ்சம் பக்கம். ஒன்றில் படகுக்காரனுக்குத் துடுப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. வரைந்த ஆள் மறந்திருக்கிறார். எந்தக் காலத்திலோ ஜப்பானில் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார், ஒன்றில் அசந்துவிட்டார். அது எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"கையால வரஞ்சது. நல்ல சாமான். ஆனா..." என்று விளிம்பைத் தடவினார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிட்டேன். அன்று நான் அதிகம் பேசியது அதுதான்.

"இதுல தங்கம் இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சி. இந்த மாதிரி செட்ல வாய்ல தங்கம் இல்லாம வராது. யாரோ சொரண்டியிருக்காங்க."

"கழுவிக் கழுவிப் போயிருக்காதா? நான் ஆபீஸ்ல தெனம் கப்பு கழுவறவன்மா."

"நீதான் தெனம் கப்பு கழுவறேன்றியே. நீ சொல்லு. கழுவிப் போனா எங்க மொதல்ல போவும்?"

யோசித்தேன். "வாய் வைக்கிற எடத்துல. கைபிடிகிட்ட."

"இது சுத்திலும் ஒரே மாதிரி போயிருக்கு. பாரு, கோடு கோடா இருக்கு. பிளேடு. அவசரமா இழுத்திருக்காங்க, பீங்கான்லயே கீறல் விழுந்திருக்கு. புதுக் கீறல்னா வெள்ளையா இருக்கும். இதுக்குள்ள துணிச் சாயம், துரு எல்லாம் ஏறிப் பழுப்பாயிடுச்சி. நேத்து இன்னிக்கி பண்ணதில்ல. நீ பொறந்த காலமா இருக்கும், இல்ல தவழ்ந்த காலமா இருக்கும்."

"அந்தத் தங்கத்த வித்தா..."

அவர் சிரித்தார். "வித்தா? ரசத்துக்குக் கிள்ளிப் போடற பெருங்காயம் அளவுக்குக் கூட தேறாது. ஆறு கப்பும் சேத்து மூக்குத்தித் திருகாணிக்குக் காணாது. சொரண்டினவன் பைத்தியக்காரன்."

கப்புகளை அவரே திரும்பச் சுற்றிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். வரும் வழியில் பிளாட்பாரக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலகாட் போனேன். அக்கா வாசலில் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வேலை. என்னைப் பார்த்ததும் முறம் நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா?"

"ஒண்ணு சொல்லிட்டுப் போய்டறேன்."

"சொல்லு, வேல கீது."

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் பாதி மறந்துவிட்டது. கப்பையும் கண்ணாடியையும் நீட்டினேன். கடைக்கார அம்மா சொன்னதை முன்னே பின்னே மாற்றிச் சொன்னேன். தங்கம் இருந்தது நிஜம், நீ சொன்னது சரி, ஆனால் பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள், நான் தவழ்கிற காலத்திலேயே போய்விட்டது என்றேன்.

"எவளோ ஒருத்தி சொன்னா ஆச்சா?" என்றாள். ஆனால் கப்பை வாங்கினாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, நகத்தை விளிம்பில் வைத்து ஒரு சுற்று ஓட்டினாள். நகம் கோடுகளில் தட்டித் தட்டிப் போகும் சத்தம் எனக்குக் கேட்டது.

"பிளேடா?" என்றாள்.

"ஆமா."

அவள் முகம் மாறியது. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீ தூளியில கெடந்த" என்று ஆரம்பித்தாள். "அப்பா ஷிப்ட்டு முடிச்சினு வந்து சோறு கூட துன்னல. பேப்பர விரிச்சி கப்புங்கள அடுக்கி வெச்சினு, சவர பிளேடால இழுத்துங்கினு இருந்தாரு. இன்னாப்பா பண்றன்னு கேட்டேன். அழுக்கு கீதும்மா, எடுக்கறேன்னாரு. நான் அழுக்குன்னே நெனச்சினு இருந்துட்டேன்டா. அம்மா பக்கத்துல நின்னு பாத்துனு இருந்துச்சி. அப்பறம் அந்தப் பேப்பர மடிச்சி அடுப்புல போட்டாரு."

"அடுப்புலயா?"

"அடுப்புலதான். அந்த வாரம் பின் லைன்ல திருட்டுத் தங்கம் தேடி சோதன வந்துச்சி. வூடு வூடா பூந்து தொடப்பம், பானை எல்லாம் கவுத்துப் பாத்தாங்க. ஒருத்தன் வூட்ல பொடவ ஜரிகையக் கூட கொளுத்திப் பாத்தாங்கன்னு பேச்சு. யாரு கண்டது. அப்பாவுக்கு பயம் புட்ச்சிகிச்சி போல. இது துரைசானி குடுத்ததுன்னு சொன்னா எவன் நம்பறது? துரைசானி போயி எத்தினி வருசம்?"

அப்பா ஆயுசு முழுவதும் பூமிக்கு அடியில் தங்கப் பாறையைத் துளைத்தவர். கேஜ் என்கிற சுரங்க லிப்டில் மேலே வந்ததும் தினமும் வாயைத் திறந்து காட்டி, சோற்று டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி வீட்டுக்கு வந்தவர். ஒரு குன்றிமணி கொண்டுவந்ததில்லை. தனக்குச் சொந்தமாக இருந்த கொஞ்சம் தங்கத்தையும் அவர் விறகோடு சேர்த்து எரித்திருக்கிறார். அம்மா பிறகு அந்த செட்டை ஏன் யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் இருவரும் கடைசிவரை ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்கள்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் சுபாவம் அது இல்லை.

"புதன்கிழம நலங்கு. காலையிலயே வந்துடு. பட்டம் நீதான் கட்டணும்" என்றாள். தலையை ஆட்டினேன். உடனே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "ஆனா இத வெளிய சொல்லாதடா. அப்பன் இன்னாத்துக்கு பயந்தான், மடியில கனம் இருந்துச்சான்னு கேப்பாங்க. சம்பந்தி வூட்டு ஆளுங்க காதுல வுழுந்தா இன்னும் மோசம். செத்த மனுசன் மேல ஏன் பழி?"

உயிரோடு இருக்கிறவன்மேல் இருக்கட்டுமா என்று நாக்கு நுனிவரை வந்தது. "சொல்ல மாட்டேன்க்கா" என்றேன்.

கல்யாணத்துக்குப் புடவையும் மாலையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டத்தைக் கையில் எடுத்தேன். அக்கா மகள் எனக்கு எட்டட்டும் என்று தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். முடிச்சுப் போட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் நின்ற சின்னம்மா மகன் சத்தமாகச் சொன்னான்: "அண்ணன் கையில தங்கப் பட்டத்த குடுத்துட்டீங்க. ஓரம் கீரம் சரியா கீதான்னு ஒரு வாட்டி பாத்துக்குங்கப்பா!"

மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. அக்கா எனக்கு ஒரு கை தூரத்தில் மஞ்சள் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி, "தேங்கா எங்கப்பா? யாரு எடுத்துனு வர்றது?" என்று யாரையோ அதட்டினாள்.

அவளைக் குறை சொல்ல முடியவில்லை. என் பெயரைத் துடைக்க வேண்டுமானால் அப்பாவின் பெயரை எடுத்துத்தான் துடைக்க வேண்டும். அந்த இடத்தில் என்னால் மட்டும் முடிந்திருக்குமா?

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா, முட்டிவலி எப்படி, மகள் வீட்டில் நலம், அவ்வளவுதான். வீட்டுக்கு வருவதில்லை. பெட்டி இருக்கும் வீட்டுக்கு வர அவளுக்கு மனம் ஒப்பவில்லை என்று நினைக்கிறேன். ரயிலிலும் கடைத்தெருவிலும் உறவுக்காரர்கள் அந்த வேடிக்கையை இன்னும் விடவில்லை. நானும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் போகிறேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சில நாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன், நான் எடுக்கவில்லை என்று. அது ரேடியோவின் பேச்சோடு கலந்து போய்விடும்.

யாரிடமாவது ஒருமுறை முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. வாயால் சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். பெயர் போடாமல் எழுதினால் வாக்கும் போகாது, அப்பாவுக்கும் ஒன்றும் வராது என்று தோன்றியது. பல தடவை உட்கார்ந்தும் எழுத்து ஓடவில்லை. கடைசியில் எழுதி முடித்தது இன்றைக்குத்தான்.

2024, ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.